‘ஈ.சி.யூ. போச்சு’ என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ‘நம் வண்டி, நம் பொறுப்பு’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் பி பிளாக் குடியிருப்பாளர். கார் எலக்ட்ரிகல் வேலையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர்.)

செயலாளர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு தண்ணீர் லாரிக் கணக்கு இருக்கிறதாம், அது எப்படியும் ஒரு மணி நேரம் போகும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மழை விட்ட பிறகு நம் பேஸ்மென்டிலிருந்து நான்கு கார்கள் டோயிங் வண்டியில் ஏறிப் போயின. அதில் மூன்று பேருக்கு ஒர்க்‌ஷாப்பில் சொன்ன பதில் ஒன்றே: “ஈ.சி.யூ. போயிடுச்சு சார், மாத்தணும்.” எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். அந்த இரண்டு வண்டியிலும் ஈ.சி.யூ. நன்றாகவே இருந்தது. அதற்குப் போக வேண்டிய கரண்ட் ஒழுங்காகப் போகவில்லை, அவ்வளவுதான். மூன்றாமவர் ஏற்கெனவே மாற்றிவிட்டார். புதுப் பெட்டி போட்டும் அந்த வண்டி இன்னும் சிக்னலில் நின்று நின்றுதான் போகிறது. இன்று பேசுவது இதைப் பற்றித்தான்.

ஈ.சி.யூ. என்பது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், எப்போது பொறி விட வேண்டும் என்று ஒவ்வொரு நொடியும் அது கணக்குப் போடுகிறது. உங்கள் வீட்டு கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் என்ன பார்ப்பீர்கள்? பிளக் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று. காரில் மட்டும் ஏனோ நேராக ‘பெட்டி போச்சு’ என்கிறார்கள். பெட்டியை மாற்றுவது ஒர்க்‌ஷாப்புக்குச் சுலபம். வயரைத் தேடுவதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும்.

ஈ.சி.யூ. வேலை செய்ய நான்கு விஷயம் தேவை. ஒன்று, பேட்டரியிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும் கரண்ட். சாவியை எடுத்தாலும் இது நிற்காது, நினைவுகளைக் காப்பாற்றுவது இதுதான். இரண்டாவது, சாவி போட்டதும் வரும் கரண்ட். மூன்றாவது, மெயின் ரிலே வழியாக வரும் பெரிய சப்ளை. நான்காவது எர்த், அதாவது பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பிப் போகும் வழி. இந்த நான்கில் எல்லோரும் மறப்பது நான்காவதை. என் அனுபவத்தில் அதிகம் சிக்குவதும் அதுதான்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம். ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் பின்சீட்டுக்குக் கீழிருந்து இரண்டு நொடிக்கு ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வரும். அது பெட்ரோல் பம்ப். டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை, ஆனால் செல்ஃப் மட்டும் நன்றாகச் சுற்றுகிறது என்றால், ஈ.சி.யூ. தூங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குக் கரண்ட் வரவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சாவி படமோ பூட்டுப் படமோ மின்னிக்கொண்டிருந்தால் அது இம்மொபிலைசர் பிரச்சினையாக இருக்கலாம். அது வேறு கதை.

வண்டி நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் இதைக் கேட்டு வையுங்கள். நல்ல நாளில் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே கெட்ட நாளில் அது இல்லை என்று தெரியும்!

அடுத்தது பேட்டரி. இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால்வாசி. 12-க்கு வந்துவிட்டால் சார்ஜ் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது. ஆல்டர்னேட்டர் என்பதுதான் சரியான பெயர், ஆனால் நம் ஊரில் எல்லோருக்கும் அது டைனமோதான். புது வண்டிகள் சிலவற்றில் டைனமோவை ஈ.சி.யூ.வே கூட்டிக் குறைக்கும். அவற்றில் 13 அளவுக்கு இறங்கி ஏறினால் பதற வேண்டாம்.

பேட்டரி தளர்ந்தால் ஈ.சி.யூ. விசித்திரமாக நடந்துகொள்ளும். செல்ஃப் அடிக்கும் நொடியில் வோல்டேஜ் மிகவும் கீழே போனால் அது ரீசெட் ஆகிவிடும். செல்ஃப் சுற்றும், வண்டி பிடிக்காது. ‘செல்ஃப்தான் சுற்றுகிறதே, பேட்டரியில் என்ன குறை?’ என்று நினைத்து வேறு எங்கோ தேடுவார்கள்.

இனி முக்கியமான இடம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது என்பதால் கரண்ட் சரியாக வருகிறது என்று ஆகாது. நம் மாடித் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ பிளாக்கில் பைப்புக்குள் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டதே, நினைவிருக்கிறதா? குழாயை மூடி வைத்து பிரஷர் பார்த்தால் முழுதாக இருந்தது. பிளம்பர் வந்து ‘பிரஷர் இருக்கே சார்’ என்றார். குழாயைத் திறந்தால் சொட்டுச் சொட்டாக வந்தது. வயரும் அப்படித்தான். பத்து இழை உள்ள வயரில் ஒன்பது அறுந்து ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மல்டிமீட்டர் 12.5 என்று காட்டும். ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஈ.சி.யூ. தன் கீழ் உள்ள இன்ஜெக்டர், காயில் எல்லாவற்றையும் ஓட்டி ஆம்பியர் கணக்கில் இழுக்கும்போது அந்த ஒரு இழை தாங்காது. அரை ஓம் தடை இருந்தால்கூட, 4 ஆம்பியர் போகும்போது 2 வோல்ட் வழியிலேயே காணாமல் போய்விடும்.

ஆகவே லோடு கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். பழைய எலக்ட்ரீஷியன்கள் எல்லோரிடமும் ஒரு டெஸ்ட் லாம்ப் இருக்கும். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பில் இரண்டு வயர் வைத்துச் செய்தது. அது எரியும்போது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஈ.சி.யூ. கப்ளரைப் பிரித்து, மறுபடி பேட்டரியை மாட்டி, கப்ளரின் பிளஸ் வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவில் இந்தப் பல்பை வைத்தால் பளிச்சென்று எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ அடைப்பு. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே வயர் கொத்தை ஆட்டிப் பார்த்தால் எந்த இடத்தில் ஆட்டும்போது மினுக்குகிறது என்று தெரிந்துவிடும்.

இதை நீங்கள் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஈ.சி.யூ. கப்ளரின் துவாரத்தில் தடிமனான முனையை விட்டுக் குடைந்தால் உள்ளே இருக்கும் பின் விரிந்து, இல்லாத பழுது புதிதாக வந்து சேரும். சிக்னல் வயர்களில் பல்பு வைக்கவே கூடாது. மஞ்சள் கப்ளர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக், பக்கத்திலேயே போகாதீர்கள். இப்படி ஒரு சோதனை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, ‘லோடு போட்டுப் பார்த்தீங்களா?’ என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் போதும்.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு. பல வண்டிகளில் மெயின் ரிலேயை இழுப்பதே ஈ.சி.யூ.தான். கப்ளரைக் கழற்றிய பிறகு மெயின் ரிலே வழியில் கரண்ட் வரவில்லை என்றால் அது பழுதே இல்லை, அப்படித்தான் இருக்கும். வயரிங் படம் பார்க்காமல் கை வைக்கிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

என்னிடம் வந்த இரண்டில் ஒன்றைச் சொல்கிறேன், உரிமையாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பகலில் ஒழுங்காக ஓடும். இரவில் ஹெட்லைட், ஏ.சி., வைப்பர் எல்லாம் போட்டால் சிக்னலில் ஆஃப் ஆகும். ஸ்கேனரில் சம்பந்தமே இல்லாத மூன்று சென்சார்களின் கோடு வந்தது. ஒர்க்‌ஷாப்பில் முதலில் சென்சார் மாற்றினார்கள், பிறகு ஈ.சி.யூ.வைக் கை காட்டினார்கள். மூன்று சென்சார் ஒரே நாளில் கெடுமா? மூன்றுக்கும் பொதுவாக எது இருக்கிறது என்றுதானே யோசிக்க வேண்டும்? இன்ஜினை ஓடவிட்டு, எல்லா லைட்டையும் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை ஈ.சி.யூ.வின் எர்த் வயரிலும் வைத்தேன். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 0.9 காட்டியது. அந்த எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், முன்பக்கம் பாடியில் ஒரு போல்ட். போன வருடம் வண்டி இடிபட்டு டிங்கரிங், பெயின்டிங் நடந்திருக்கிறது. பெயின்ட்டின் மேலேயே எர்த்தை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். பெயின்ட் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்? மரைகள் வழியாக ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. மழை ஈரத்தில் களிம்பு ஏறி அதுவும் குறைந்துவிட்டது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, புது போல்ட் போட்டு, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். செலவைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

எர்த் கெட்டால் ஏன் மூன்று சென்சாரும் பொய் சொல்கின்றன என்று அவர் கேட்டார், நல்ல கேள்வி. எல்லா அளவும் எர்த்திலிருந்துதான் கணக்கு. தரையே ஒரு அடி உயர்ந்துவிட்டால் சுவரில் உயரம் குறித்த கோடு எல்லாம் தப்பாகத்தானே தெரியும்?

இன்னொரு வண்டி வேறு மாதிரி. காலையில் ஸ்டார்ட் ஆகும், வெயிலில் நின்றுவிட்டு வந்தால் ஆகாது, ஆறினால் மறுபடி ஆகும். மெயின் ரிலேக்குள் சால்டர் விரிசல். சூட்டில் விலகும், குளிர்ந்தால் ஒட்டும். தொண்ணூறுகளின் ஹோண்டா கார்களில் இது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம், பழைய மெக்கானிக்குகள் வண்டி நம்பரைப் பார்ப்பதற்கு முன்பே ரிலேயைக் கழற்றுவார்கள். வீட்டில் இருக்கும் ஹேர் டிரையரை ரிலே மேல் இரண்டு நிமிடம் காட்டினால் வியாதி வெளியே வந்துவிடும். அப்படித்தான் இதையும் பிடித்தோம்.

ஸ்கேனர் பற்றியும் சொல்ல வேண்டும். ‘கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாச்சு சார்’ என்றதும் நாம் அடங்கிவிடுகிறோம். ஸ்கேனர் பழுதைச் சொல்லாது, ஈ.சி.யூ. எதைப் பார்த்துப் புகார் செய்தது என்பதைத்தான் சொல்லும். கோடு எண்ணை எழுதி வாங்குங்கள். பி0562 என்றால் சப்ளை வோல்டேஜ் குறைவு. பி0685 என்றால் மெயின் ரிலேயை இழுக்கும் வழியில் தகராறு. பி0641 என்றால் சென்சார்களுக்கு ஈ.சி.யூ. கொடுக்கும் 5 வோல்ட்டில் பிரச்சினை. இந்தக் கடைசி கோடு வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு சென்சாரோ அதன் வயரோ ஷார்ட் ஆகி, எல்லோருக்கும் பொதுவான 5 வோல்ட்டைக் கீழே இழுத்திருக்கும். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. இந்த மூன்றில் எதுவுமே ‘ஈ.சி.யூ. மாற்று’ என்று சொல்லவில்லை. ஸ்கேனரே ஈ.சி.யூ.வுடன் பேச முடியவில்லை என்றாலும் முதலில் ஃபியூஸையும் எர்த்தையும்தான் பார்க்க வேண்டும்.

இனி நம் பேஸ்மென்டுக்கு வருவோம். 2015 டிசம்பரும், 2023-இல் மிக்ஜாம் புயலும் சென்னையில் யாருக்கும் மறந்திருக்காது. தண்ணீர் சீட் மட்டத்துக்கு வந்த வண்டி என்றால் சாவியே போடாதீர்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு டோயிங் கூப்பிடுங்கள். ஈரத்தில் கரண்ட் பாயும்போதுதான் கப்ளர் பின்கள் வேகமாக அரிக்கும், ஈ.சி.யூ.வும் அப்போதுதான் சாகும். கழற்றிக் காய வைத்தால் பல நேரம் பிழைத்துவிடும்.

வெள்ளம் வராத வருடத்திலும் எலி வரும். வயரின் மேல் உறையைக் கடித்துவிட்டுப் போய்விடும், உள்ளே செம்பு தெரியும், இரண்டு மாதம் கழித்து ஈரம் பட்டுப் பச்சை பூக்கும். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள். குப்பைத் தொட்டியை லிஃப்ட் பக்கமிருந்து மாற்றச் சொல்லி நான் எழுதிய கடிதம் இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறது, அதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வண்டி மாதக்கணக்கில் நிற்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. நின்றிருக்கும் வண்டியும் கடிகாரம், அலாரம், ஈ.சி.யூ. நினைவு என்று கொஞ்சம் குடிக்கும். 50 மில்லியாம்பியர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. சின்னக் காரில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி முப்பது நாளில் காலி. வாட்ச்மேனிடம் சாவி கொடுத்து ‘அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பா’ என்று சொல்வதால் பயனில்லை. செல்ஃப் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கக்கூட அது சரியாகப் போதாது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வர ஆள் இருந்தால் நல்லது, இல்லையென்றால் மைனஸைக் கழற்றி வையுங்கள்.

ஆக்சஸரீஸ் கடைகளில் பெரிய ஹாரன், கேமரா, ஃபாக் லாம்ப் போடும்போது எங்கிருந்து கரண்ட் எடுக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். ஈ.சி.யூ.வுக்குப் போகும் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர். சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சள் போட்டால் அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (டி பிளாக்): பைபாஸில் 80-இல் போகும்போது இப்படி ஆஃப் ஆனால் என்ன செய்வது சார்? போன வாரம் என் மகளுக்கு அப்படி ஆயிற்று.

பதில்: முதலில், சாவியை முழுதாக ஆஃப் செய்யக் கூடாதும்மா, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். ஹசார்டு லைட் போட்டு இடது ஓரம் வாருங்கள். அந்த வண்டி சரியாகும்வரை மகளிடம் கொடுக்காதீர்கள். தானாகச் சரியாகிவிட்டது என்பதை நம்ப வேண்டாம், விட்டு விட்டு வரும் எர்த் பழுது அப்படித்தான் ஏமாற்றும்.

கேள்வி (ஏ பிளாக்): பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்யலாமா? ஈ.சி.யூ. போய்விடும் என்கிறார்கள்.

பதில்: செய்யலாம். பிளஸ்ஸை மைனஸில் மாட்டினால்தான் போகும். பிளஸ் இரண்டையும் முதலில் இணையுங்கள். கடைசி மைனஸை இறந்த பேட்டரியில் மாட்டாமல் அந்த வண்டியின் இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழைய பழக்கத்தை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறும், ஈ.சி.யூ. உண்மையிலேயே போவது அப்போதுதான்.

கேள்வி (சி பிளாக்): என்னுடையது எலக்ட்ரிக் கார். எனக்கு இதெல்லாம் இல்லைதானே?

பதில்: உங்கள் வண்டியிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது சார். அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரி முழுதாக இருந்தாலும் வண்டி எழுந்திருக்காது. எர்த், ஃபியூஸ், எலி எல்லாம் உங்களுக்கும் உண்டு. ஆரஞ்சு நிற கேபிளை மட்டும் நீங்களும் தொடக் கூடாது, வாட்டர் வாஷ் பையனும் தொடக் கூடாது.

கேள்வி (பி பிளாக்): ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் என்னதான் கேட்க வேண்டும்? ஒரு வரியில் சொல்லுங்கள்.

பதில்: “கப்ளர்ல லோடு போட்டு பிளஸ், எர்த் ரெண்டும் பார்த்தீங்களா, எவ்வளவு காட்டுச்சு?” என்று கேளுங்கள். நம்பர் சொன்னால் பார்த்திருக்கிறார்கள். நம்பர் வரவில்லை என்றால் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட வேண்டாம், ஒரு நாள் பொறுத்து வேறு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். கழற்றிய பழைய ஈ.சி.யூ.வைத் திருப்பித் தரச் சொல்வதும் உங்கள் உரிமை. ‘திருப்பித் தருவோம்’ என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் 11 மணி வரை விசிட்டர் பார்க்கிங்கில் மல்டிமீட்டரும் டெஸ்ட் லாம்ப்பும் வைத்துக்கொண்டு இருப்பேன். பேட்டரி வோல்டேஜும் எர்த்தும் பார்த்து ஒரு சீட்டில் எழுதித் தருகிறேன், வண்டியோடு வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் இரவுக்குப் பிறகு வண்டியை எடுக்காமல், ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள், அப்போதுதான் பேட்டரி அளவு சரியாகத் தெரியும். வண்டி நிற்கும் இடத்துக்கே நான் வருகிறேன். வாட்ச்மேனிடம் ஃபிளாட் நம்பரைக் கொடுத்து வையுங்கள்.